சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனைப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

பாரி முனையிலிருந்து. டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் 1773 ஜனவரி 1 என்று தேதி வெட்டியிருக்கும். இதைத் தாண்டிப் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட ஆறு எல்லைக் கற்களில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் (பிளாக் டவுன்) என்றார்கள். 'ஆதிக் கறுப்பர் நகரம் எந்தத் தெரு?' என்று தேடி வருபவர்கள் மண்ணடிப் பக்கம் சுற்றி ஏமாறுகிறார்கள். அது இருந்த இடம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு அங்கே இடிப்பு தொடங்கியது. திரும்பி வந்த ஆங்கிலேயரும் நிறுத்தவில்லை. மதில் எதிரே வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான், பீரங்கிக்கும் குறி கிடைக்காது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பூக்கடை அருகே தேவராஜ முதலி தெருவில், சென்னமல்லீசுவரர் பக்கத்தில் இருக்கிறதே, அது இடம் மாறி எழுந்த கோயில். ஆக, நாம் பார்ப்பது வடக்கே தள்ளி வளர்ந்த ஊர்.

பிராட்வே (பிரகாசம் சாலை) ஒரு காலத்தில் பள்ளமும் சாக்கடையும். வழக்கறிஞர் ஸ்டீபன் போபம் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. 1707இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதி அணிகளின் சண்டை முற்றியபோது, ஆளுநர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையாருக்கும் ஒதுக்கினார். தம்பு செட்டி, லிங்கி செட்டி தெருக்கள் இடங்கையாருக்கு ஒதுக்கிய கிழக்கில் இருப்பதைக் கவனியுங்கள்.

மேற்கு எல்லை வால்டாக்ஸ் சாலை. ஊருக்கு மதில் கட்டிய செலவை மதில் வரியாக (வால் டாக்ஸ்) வசூலிக்கத் திட்டம் போட்டார்கள். வரி நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது.

ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்ற பழக்கம் இன்றும் உண்டு. கோடவுன் தெருவில் ஜவுளி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி. வெளியூர் வியாபாரி நாலு கடை ஏறி இறங்கி விலை பேசி, ஒரே நடையில் சரக்கு போட்டுத் திரும்ப இது வசதி. பல கடைகளில் டஜன் கணக்கில்தான் கொடுப்பார்கள். ஒற்றை உருப்படி கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள்.

கட்டடம் பார்க்க வருவதானால் காலை 8 மணிக்குள் வாருங்கள். கடை திறந்த பிறகு மூட்டையும் மீன்பாடி வண்டியும்தான் தெரியும். ஆர்மேனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயத்துக்கு மட்டும் தனியாக நேரம் வையுங்கள், அது காலை 9 மணிக்கு மேல்தான் திறக்கும்.