மாமாவுக்கு வயது பத்தொன்பது

கேள்வி: பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. போன ஆடி மாதம் வரைக்கும் எனக்கு இருந்த ஒரே கவலை, ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் முதல் ஓவரை யார் போடுவது என்பதுதான். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவன் நான். ஆடியில் அக்கா சிறுநீரகக் கோளாறால் இறந்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் முன்பே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டவர். காரியத்துக்கு வந்தார், "குழந்தையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். எனக்கு அப்பா இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர இரவு ஒன்பது ஆகிறது. நாலரை வயது அக்கா மகளைக் குளிக்க வைத்து, ஜடை பின்னி, அங்கன்வாடியில் விட்டு, சாயங்காலம் அழைத்து வந்து சோறு ஊட்டுவது வரை என் தலையில். இரவில் படுக்கையை நனைக்கிறாள். "அம்மா எப்போது வரும்?" என்று கேட்கிறாள்; ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் என் ரெக்கார்டு நோட்டில் பாலைக் கொட்டிவிட்டாள். அறைந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உறவினர்கள், "பையன் எப்படிப் பெண் குழந்தையை வளர்ப்பான், ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடு" என்கிறார்கள். படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போகட்டுமா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நண்பர்கள் தை மாதம் இரண்டு நாள் ஊட்டி போகிறார்கள். நான் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: படிப்பை விடாதீர்கள், தம்பி. டிப்ளமோ மூன்று வருடம். அதில் பாதி தாண்டிவிட்டீர்கள். இன்று ஹெல்ப்பர் வேலைக்குப் போனால் கையில் காசு வரும், உண்மைதான். ஆனால் பாப்பாவுக்குச் செலவு ஏறப்போவது இனிமேல்தான். அவள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது வீட்டில் ஒரு நல்ல சம்பளம் வரவேண்டும் என்றால், நீங்கள் இந்த டிப்ளமோவை முடித்தாக வேண்டும். நாளைக்கே துறைத் தலைவரைப் பார்த்து வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். வருகைப் பதிவு குறைந்து, தேர்வு எழுத முடியாது என்று தாள் ஒட்டிய பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவராக இருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்குக் கிடைக்கிறதா என்றும் கல்லூரியிலேயே கேளுங்கள்.

இனி பாப்பாவின் கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நீங்கள் அறைந்தது அல்ல, அந்த ஆஸ்பத்திரிக் கதை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னால் குழந்தை என்ன நினைக்கும்? ஒரு நாள் வருவார் என்று நினைக்கும். வரவில்லை என்றால், தான் ஏதோ சேட்டை செய்ததால்தான் வரவில்லை என்று நினைக்கும். இந்த வயதில் நடப்பதற்கெல்லாம் தானே காரணம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. நாளை உங்கள் அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அலறுவாள். "அம்மா தூங்குகிறார்", "சாமியிடம் போயிருக்கிறார்" என்று மாற்றிச் சொல்லவும் வேண்டாம். முதலாவதைச் சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும். இரண்டாவதைச் சொன்னால் சாமி எப்போது திருப்பி அனுப்பும் என்று கேட்கும். அதற்கும் உங்களிடம் பதில் இருக்காது.

ஒரு விடுமுறை நாள் காலையில், நீங்களும் அம்மாவும் இருக்கும்போது, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். இரவில் வேண்டாம். "அம்மாவுக்கு உடம்பு ரொம்ப ரொம்ப முடியாமல் போய்விட்டது. டாக்டர்கள் எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் சரியாகவில்லை. அம்மா இறந்துவிட்டார். இறந்துவிட்டால் உடம்பு வேலை செய்யாது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர முடியாது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. அம்மாயியும் மாமாவும் உன்னோடு இருக்கிறோம்." இவ்வளவு போதும். சளி, காய்ச்சல் வந்தவர்கள் எல்லாம் இறந்துவிட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொல்லி முடித்ததும் அவள் அழாமல் விளையாடப் போய்விடலாம். புரியவில்லையோ என்று துரத்திப் போய் மறுபடி சொல்லாதீர்கள். அன்று சாயங்காலமே "அம்மா எப்போது வரும்?" என்று பழைய கேள்வியைக் கேட்டாலும் கேட்பாள். சாவு என்றால் திரும்பி வர முடியாதது என்பது நாலரை வயதுக்கு ஒரே தடவையில் பிடிபடாது. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில், சலிக்காமல் பதில் சொல்லுங்கள். அக்காவின் போட்டோவை மறைத்து வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். அம்மாவின் புடவை ஒன்று வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள். உங்களுக்கே கண்ணீர் வந்தால் வரட்டும். "மாமாவுக்கும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது" என்று சொன்னால் அவளுக்குப் புரியும். அவளுக்கு அம்மா போனது போல உங்களுக்கு அக்கா போயிருக்கிறார். கடிதம் முழுக்கப் பாப்பாவைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அக்காவுக்காக நீங்கள் அழுதீர்களா என்று ஒரு வரி இல்லை.

படுக்கையை நனைப்பது இத்தகைய இழப்புக்குப் பிறகு பல குழந்தைகளிடம் திரும்ப வருவதுதான். மெத்தைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பருத்திப் புடவை. படுக்கப் போகும் முன் ஒரு முறை கழிவறை. காலையில் துணியை அலசிப் போடுவதோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டில் அவள் காதுபட அதைச் சொல்லிச் சிரிப்பவர்களை உடனே நிறுத்துங்கள். சில மாதங்களில் குறையவில்லை என்றாலோ, பகலிலும் நனைத்தாலோ, சிறுநீர் போகும்போது எரிகிறது என்று சொன்னாலோ அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் டிபிடி ஊசியின் ஊக்கத் தவணை ஒன்று இருக்கிறது. அம்மா இல்லாத வீட்டில் முதலில் மறந்துபோவது இப்படிப்பட்ட தேதிகள்தான்.

அறைந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "பாலைக் கொட்டியது தெரியாமல் நடந்தது. மாமா அடித்தது தப்பு. இனிமேல் அடிக்க மாட்டேன்." சின்னப் பிள்ளையிடம் மன்னிப்பா என்று பெரியவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த தடவை கை எழும்போது குழந்தையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு வாசலில் போய் இரண்டு நிமிடம் நின்று வாருங்கள். ரெக்கார்டு நோட்டு இனி அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். பாலும் நோட்டும் ஒரே தரையில் இருந்தால், நாலரை வயதுதான் ஜெயிக்கும்.

உறவினர்களின் பேச்சுக்கு என்னிடம் பெரிய மரியாதை இல்லை. காது குத்துவதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். சீர் தட்டுக்குத் தாய்மாமன் கை வேண்டும். அதே மாமன் தினமும் தலைவாரிவிட்டால் மட்டும் முகம் சுளிப்பதா? இல்லத்தில் சேர்க்கச் சொல்பவர்களிடம், "புதன்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாப்பாவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா, எனக்குப் பரீட்சை" என்று கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவராவது சரி என்பார். அவர்தான் உங்களுக்கு வேண்டிய உறவு.

ஆனாலும் அவர்கள் சொல்வதில் கவனிக்க ஒன்று உண்டு. பெண் குழந்தை வளர வளர, குளிப்பதும் உடை மாற்றுவதும் அவளே செய்யப் பழக வேண்டும். இப்போதே சோப்புப் போடச் சொல்லிக்கொடுங்கள்; வாரம் ஒரு முறை எண்ணெய்க் குளியலை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். உடம்பில் எந்த இடத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அம்மா மட்டும் சொல்லட்டும் என்று விடாமல் நீங்களும் சொல்லுங்கள். உங்கள் அறைக்கு வரும் நண்பர்களுக்கும் அந்த விதி பொருந்தும். அவசர உதவி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஜடை விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே வாருங்கள், மேலிருந்து இழுத்தால் அழத்தான் செய்வாள். முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் வலிக்காது. இரவே பின்னிவிட்டால் காலையில் பாதி வேலை மிச்சம். அதுவும் முடியவில்லை என்றால் கிராப் வெட்டிவிடலாம். அவளைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். அம்மா பின்னிய முடி என்று அவள் வைத்திருக்க ஆசைப்படலாம்.

காகிதங்களைத் தள்ளிப்போட வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்), காப்பாளர் (கார்டியன்) சட்டப்படி குழந்தையின் இயற்கைக் காப்பாளர் அப்பாதான். "வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னவர் நாளை மனம் மாறி வந்து நின்றால் உங்களிடம் எதுவும் இருக்காது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனு கொடுத்துக் காப்பாளர் உத்தரவு வாங்கலாம். அதில் நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது குழந்தையின் நலன். பதினெட்டு முடிந்ததால் உங்களுக்கும் தகுதி உண்டு. அம்மாவின் பெயரில் கேட்பதா, உங்கள் பெயரில் கேட்பதா என்பதை வக்கீல் சொல்வார். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

அடுத்து கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போங்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. அப்பா உயிரோடு இருக்கும் உங்கள் பாப்பாவின் நிலையை விவரமாகச் சொல்லி, அதில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அக்காவின் இறப்புச் சான்றிதழ், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றின் நகல்கள் கையில் இருக்கட்டும். பணம் வந்தால் நான் ஒரு காரியத்துக்குத்தான் செலவழிப்பேன்: வாரத்தில் சில நாட்களாவது உங்கள் அம்மா அரை ஷிப்டை விட்டுவிட்டுச் சீக்கிரம் வீடு திரும்ப. அந்தச் சாயங்காலங்களில் நீங்கள் படிக்கலாம்.

வருகிற ஜூனில் அவளுக்கு ஐந்து முடிந்திருக்கும். அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் காலைச் சிற்றுண்டி அங்கேயே கிடைக்கும். 2022-இல் மதுரையில் தொடங்கி வைத்த அந்தத் திட்டம், காலையில் உப்புமா கிண்டத் தெரியாத மாமாக்களுக்கும் சேர்த்துத்தான் போலும்.

மேட்ச்சை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். சில வாரம் பாப்பாவையும் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் போதும். பத்தொன்பது வயதை ஒரேயடியாகப் பூட்டி வைத்தவர்கள் அந்தக் கோபத்தைப் பிற்பாடு குழந்தையிடம்தான் காட்டுகிறார்கள். மாறிப்போன நண்பர்களை விடுங்கள். பாப்பா தூங்கிய பிறகு வாசலில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற ஒருவனாவது இருப்பான்.

ஊட்டிக்கும் போங்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரிக் கதையைச் சரிசெய்து முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பை தூக்கியதும் அவள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாள். தூங்கும்போது நழுவிப் போகாமல், முந்தைய நாளே காலண்டரில் இரண்டு கட்டங்களைக் காட்டி, "இந்த ராத்திரி அம்மாயியோடு தூங்கு, இந்தக் கட்டத்தில் மாமா வந்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அம்மா அந்த இரண்டு நாளும் விடுப்பு எடுக்க முடிகிற மாதிரி தேதியைப் பாருங்கள். இரவு ஏழு மணிக்கு ஒரு போன் போதும். மணிக்கொரு தரம் கூப்பிட்டால் அவளுக்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. திரும்பும்போது பஸ் தாமதமானால், அதை அம்மாவிடம் சொல்லி வைக்காமல் பாப்பாவையே போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.