கேள்வி பதில்: சாவி யார் கையில்?

கேள்வி: எங்கள் அரட்டை முழுவதும் ஒரே நிறுவனத்தின் சர்வரில் கிடப்பது பிடிக்கவில்லை. ஒரே நிறுவனத்தைச் சாராத அரட்டை முறைகள் என்று மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி, சிம்பிளெக்ஸ் என்கிறார்களே, குடும்பத்துக்கு எது சரிப்படும் சார்?

பதில்: மூன்றையும் வீட்டில் ஓட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியவன் நான். முதலில் எலிமென்ட் செயலி வழியாக மேட்ரிக்ஸில் இறங்கினோம். குழு, படம், அழைப்பு எல்லாம் பழகிய மாதிரியே இருந்தது. அப்புறம் அக்கா போனை மாற்றினாள். புதுப் போனில் பழைய செய்திகளைத் திறக்க உதவும் மீட்புச் சாவி என்ற நீண்ட குறியீட்டை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழைய செய்திகள் இருந்த இடத்தில் எல்லாம், திறக்க முடியவில்லை என்ற ஒரே வரிதான். அவள் பிள்ளை முதலில் பேசிய குரல்பதிவும் அதில் போயிற்று. இன்னொன்று, பேசுகிறவர்கள் மட்டுமே படிக்கும்படி செய்தி பூட்டியிருந்தாலும் யார் எந்த அறையில் (அரட்டைக் குழுவில்), எப்போது பேசினார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். அந்த விவரம் அறையில் உள்ளவர்களின் சர்வர் ஒவ்வொன்றிலும் தங்கும்.

1999-இல் ஜாபர் என்ற பெயரில் வந்த எக்ஸ்எம்பிபி இலேசானது, பழைய போனிலும் ஓடும். ஆனால் செய்தியை மற்றவர் படிக்காமல் காக்கும் ஒமீமோ என்ற பூட்டு இரண்டு பக்கச் செயலியிலும் இருந்தாக வேண்டும்.

அந்தரங்கம்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு சிம்பிளெக்ஸுக்கு. அதில் போன் எண்ணும் இல்லை, பயனர் அடையாளமும் இல்லை. ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனி வழி. போன் தொலைந்தால், முன்பே காப்புநகல் எடுக்காதவருக்கு எல்லாம் போச்சு.

உங்கள் வீட்டுக்கு மேட்ரிக்ஸே போதும். மீட்புச் சாவியை மட்டும் முதல் நாளே காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.