இருபதடிக் குளமா, நாலு நாற்காலியா?

கேள்வி: எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. பின்புறம் தெற்கு வடக்காக 30 அடி, கிழக்கு மேற்காக 22 அடி காலியிடம் இருக்கிறது. அதில் 20 அடிக்கு 10 அடியில் நீச்சல் குளம் கட்டியே தீருவேன் என்கிறார் கணவர். எனக்கு மாலையில் நாலு பேர் உட்கார்ந்து காபி குடிக்க இடம் வேண்டும். மாமியாருக்கு வடகம் காயப்போட வேண்டும். மூன்று வயதில் மகன் இருக்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, வடவள்ளி, கோவை.

பதில்: உங்கள் வீட்டுக்காரரின் கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம். 10 அடித் தண்ணீருக்கு இருபுறமும் முக்காலடிச் சுவர் சேர்த்தால் பதினொன்றரை அடி. கிழக்குச் சுற்றுச்சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளித்தான் தோண்ட வேண்டும். நெருங்கித் தோண்டினால் அஸ்திவார மண் சரியும், குளத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சண்டை வந்து சேரும். 22 அடியில் மிச்சம் ஏழரை அடி. மூன்றடி மேசையும், நாற்காலியைத் தள்ளி எழ இருபுறமும் மும்மூன்று அடியும் என்றால் ஒன்பதடி தேவை.

இந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். பொள்ளாச்சி சாலையில் ஒரு வீடு. புதுமனை புகுவிழா அன்று வீட்டுக்காரரின் தாய்மாமன் சாப்பிட்டு முடித்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பின்கால் இரண்டும் ஓரக்கல்லைத் தாண்டிவிட்டன. நாற்காலி தண்ணீருக்குள் போனது. அவர் மேசை விரிப்பைப் பிடித்துத் தப்பினார். பாயசக் கிண்ணங்கள்தான் தப்பவில்லை. மறுநாளே மேசை கார் ஷெட்டுக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் 20 அடியில் நீந்தவும் முடியாது. நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். சர்வதேசப் போட்டிக் குளங்களில் சிறியதே 25 மீட்டர். நான் பார்த்த வீட்டுக் குளங்களில் யாரும் நீந்துவதில்லை, ஊறுகிறார்கள். ஊறுவதற்கு நம் ஊர்த் தோட்டங்களில் பம்புசெட் தொட்டி எப்போதோ இருக்கிறது. அதன் அழகே அந்தச் சுவர்தான். பிள்ளைகள் உள்ளே கும்மாளம் போட, பெரியவர்கள் சுவர்மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

அதையே செய்யுங்கள். உள்ளளவு 14 அடிக்கு 7 அடி, தண்ணீர் நாலடி ஆழம். சுவரைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி எழுப்பி, மேலே ஓரடி அகலத்துக்குக் கல் பதியுங்கள். தோண்டும் ஆழம் குறையும். அந்தச் சுவரே திண்ணையாகிவிடும். வீட்டுப் பக்கம் 10 அடி மிஞ்சும். மேசைக்கு ஒரு பக்கம் திண்ணை இருப்பதால் நாற்காலி இரண்டு போதும். வீடு மேற்குப் பார்த்தது என்பதால் மாலையில் வீட்டு நிழலே பந்தல்.

தண்ணீரையும் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரின் குளம் அதே ஆழத்தில் 22,600 லிட்டர் கொள்ளும். நான் சொல்வது 11,100 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் நிரம்பிவிடும். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், பெரியதில் 90 லிட்டருக்கு மேல் போகும் இடத்தில் சிறியதில் 45 லிட்டர்தான் போகும்.

தொட்டியை வடகிழக்கு மூலைப் பக்கம் தள்ளி வையுங்கள், வடக்குச் சுவருக்கு நாலடி விட்டு. வாஸ்துக்காரர் மகிழ்ந்துபோவார், என் காரணம் வேறு. தெற்கே 10 அடி ஒரே பாளமாகக் கிடைக்கும். மோட்டார், வடிகட்டி, துணிக்கொடி எல்லாம் அங்கே போகும். வடகத்துக்கும் காலை வெயில் தாராளம். மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரைக் கிழக்குச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று இலை தழைகளை அந்தப் பக்கம்தான் ஒதுக்கும்.

தரைக்குச் சொரசொரப்பான கிரானைட் போதும். கறுப்புக் கடப்பா வெயிலில் காலைச் சுடும், பளபள டைல்ஸ் வழுக்கும்.

மகன் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்றரை அடிச் சுவர் அவனுக்கு வேலி ஆகாது, ஏறுவதற்கு வாகான படி. தொட்டியைச் சுற்றி நாலடிக் கம்பி வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும். வேலியை மேசைக்கும் வீட்டுக்கும் நடுவில் போட்டால் திண்ணை உங்கள் பக்கமே இருக்கும். கதவின் கொண்டி அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேலி இருக்கிறதே என்று பெரியவர் யாரும் இல்லாமல் அவனை அந்தப் பக்கம் விட்டுவிடாதீர்கள்.

பொறியாளரைக் கூப்பிடுவதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு அளவையும் கோலமாவால் தரையில் வரையுங்கள். சாப்பாட்டு மேசையை வெளியே கொண்டுவந்து போட்டு, அங்கேயே காபி குடியுங்கள். அப்புறமும் உங்கள் வீட்டுக்காரர் இருபதடிதான் வேண்டும் என்றால், கோட்டுப் பக்கத்து நாற்காலியை அவருக்குக் கொடுத்து, எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.