வேகப்பந்து வீச்சாளர் டேல் ஸ்டெய்ன் ஓய்வு பெற்றதைத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அவர்கள் இந்திய அணியைத்தானே ஆதரிப்பார்கள்?

ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல என்னால் ஆகாது. டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் கரூரில் பிறந்து வளர்ந்தவள், 2008இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் வீட்டார் நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள்.

2021 ஆகஸ்ட் 31, செவ்வாய்க்கிழமை. எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் விலகுகிறேன் என்று ஸ்டெய்ன் ட்விட்டரில் எழுதியதை வீட்டில் முதலில் பார்த்தது நான்தான். மாமா, அதாவது என் மாமனார், பின்பக்கம் கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"போன தடவை மாதிரி டெஸ்ட் மட்டுமா, எல்லாமேவா?"

"எல்லாமே மாமா."

குழாயை மூடினார். உள்ளே வந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

அந்த நோட்டுகளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். மாமா காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதப் போவார். அந்தப் பழக்கம் டிவி முன்னாலும் விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு, கூர்மையாகச் சீவிய பென்சில். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, ரன்னுக்கு எண், விக்கெட்டுக்குப் பெருக்கல் குறி. எல்லாம் பென்சில்தான். ஸ்டெய்ன் எடுக்கும் விக்கெட் மட்டும் சிவப்பு மை.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். இந்தியாவை ஆதரிப்பவர்கள் இங்கே நிறையப் பேர், உண்மைதான். அதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. 1970 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா எங்கள் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் ஆடியபோது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், நம்மவர்களுக்குத் தனியாக ஒரு மூலை. பாரி ரிச்சர்ட்ஸ் 140, கிரேம் பொல்லாக் 274, தென்னாப்பிரிக்கா 622 ரன் அடித்தது. அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆஸ்திரேலியா பந்து போடும்போதெல்லாம் கை தட்டினார்களாம். அந்த ஆட்டத்தின் அழகு தெரியாமல் இல்லை. பொல்லாக்கின் கவர் டிரைவை மாமா இன்றைக்கும் எழுந்து நின்று காட்டுவார். ஆனால் அந்த அணியில் நம்மில் ஒருவர் ஆட முடியாது, கறுப்பர் ஒருவர் ஆட முடியாது. வீட்டையே பிடுங்கிக்கொண்டு சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து இறக்கியவர்களுடைய அணி ஜெயிக்க வேண்டும் என்று யார் வேண்டுவார்கள்? 1992 நவம்பரில் இந்தியா முதன்முதலாக இங்கே டெஸ்ட் ஆட வந்தது, அதே கிங்ஸ்மீடில். அறிமுக ஆட்டத்திலேயே பிரவீன் ஆம்ரே சதம் போட்டார். அன்று மாமா தொண்டை கட்டும் வரை கத்தியதாக அத்தை சொல்வார்.

அப்புறம் கறுப்பரான மகாயா என்டினி அணிக்கு வந்தார். 2004 கடைசியில் எங்கள் டர்பன் பையன் ஹாஷிம் அம்லா வந்தார். அதற்கு அடுத்த மாதமே போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்டெய்ன். க்ரூகர் காட்டின் ஓரத்தில் பலபோர்வா என்ற சுரங்க ஊரிலிருந்து வந்த பையன். மாமா அம்லாவுக்காகப் பார்க்க ஆரம்பித்து, ஸ்டெய்னுக்காக உட்கார்ந்துவிட்டார்.

நான் வந்த புதிதில் மாமாவோடு பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம். அவர் தமிழ் வேறு மாதிரி, பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விடும். கிரிக்கெட்தான் எங்களைப் பேச வைத்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையிலிருந்த ஆப்பிளை எடுத்து, பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டு, ஸ்டெய்ன் எப்படிப் பிடிப்பார் என்று காட்டினார். தையலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல், மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் நேராக. "கை சாயக் கூடாது. சாஞ்சா பந்து சீக்கிரமே திரும்பிடும், பேட்ஸ்மேனுக்குத் தெரிஞ்சுடும். இவனுது கடேசிலதான் திரும்பும்." மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, மட்டையை நெருங்கிய பிறகு வெளியே நகர்ந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? அவர் அப்படியொன்றும் பெரிய உயரமும் இல்லை. கூடப் பந்து போடும் நெட்டை மார்னே மார்க்கலுக்குப் பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி இருப்பார்.

2010 பிப்ரவரி, நாக்பூர். மாமாவுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். அங்கே காலை 9.30க்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே 6 மணி. வேலை முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் நோட்டோடு உட்கார்ந்தார். அம்லா 253 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றிருந்தார், அந்த மகிழ்ச்சி ஒரு பக்கம். எனக்கும் கரூரிலிருந்த அப்பாவுக்கும் கவலை வேறு. நம் பத்ரிநாத்துக்கு அது முதல் டெஸ்ட். உள்ளூர் ஆட்டங்களில் வருஷக்கணக்காக ரன் குவித்துவிட்டு அவர் காத்திருந்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். முரளி விஜய்யும் அணியில் இருந்தார். ஒரே டெஸ்டில் நம்ம பையன்கள் இரண்டு பேர்.

விஜய் 4 ரன்னில் இருந்தார். வெளியே போகும் என்று நினைத்து மட்டையைத் தூக்கி ஒரு பந்தை விட்டார். அது உள்ளே வந்து ஸ்டம்பை எடுத்தது. டெண்டுல்கர் 7 ரன். பத்ரிநாத் பொறுமையாக 56 அடித்து, அவரும் ஸ்டெய்னிடமே போனார். 221க்கு 4 விக்கெட் என்றிருந்த இந்தியா 233க்கு எல்லாம் முடிந்தது. பழைய பந்து, செத்த ஆடுகளம், ஸ்டெய்ன் 51 ரன் கொடுத்து 7 விக்கெட். அப்பா போன் பண்ணி, ஏதோ நானே பந்து போட்ட மாதிரி, "என்னம்மா உங்க ஊர்க்காரன் இப்படிப் பண்றான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்தப் பந்துகளைப் பார்த்தபோது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதும் உண்மை. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே அன்று தெரியவில்லை.

அது தெரிந்தது 2013 டிசம்பரில், கிங்ஸ்மீடில், நேரில். தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸுக்குக் கடைசி டெஸ்ட் என்பதால் குடும்பத்தோடு புல்மேட்டில் போய் உட்கார்ந்தோம். கிங்ஸ்மீட் தெரியாதவர்களுக்கு: கடல் பக்கம்தான், அலை ஏறும்போது பந்து ஆடும் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. புல்மேட்டில் அடுப்பு மூட்டிக் கறி சுடுவார்கள். நாங்கள் வழக்கம்போலக் கால் ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய பன்னி சௌ வாங்கி வைத்திருந்தோம். முந்தைய ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் ஸ்டெய்னுக்கு மொத்தமே ஒரே விக்கெட். பத்திரிகைகள் 'முடிந்துவிட்டாரா' என்று எழுத ஆரம்பித்திருந்தன. முதல் நாளும் வெளிச்சம் போதாமல் நிற்கும்போது இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 181. விஜய் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. புஜாரா போனார். விஜய் 97, இடுப்புப் பக்கம் எகிறிய பந்து கையுறையில் பட்டு டி வில்லியர்ஸ் கைக்குப் போனது. அடுத்து வந்த ரோகித் சர்மா ஆடாமல் விட்ட முதல் பந்தே ஸ்டம்பில். 198க்கு 1 விக்கெட் என்றிருந்தது 199க்கு 4 ஆனது. ஸ்டெய்ன் கழுத்து நரம்பு புடைக்க, முஷ்டியைக் கீழ்நோக்கிக் குத்திக்கொண்டு ஓடினார். நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். விஜய் 97இல் போனதற்கு, கரூர்க்காரி நான் கத்துகிறேன். பக்கத்தில் மாமா. சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறார், கை நடுங்குகிறது. எங்களுக்கு முன்னால் மூவர்ணக் கொடி பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "என்னா போல்!" என்று கொடியை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அதனால்தான் இந்தக் கேள்வியை 'இந்தியாவா, தென்னாப்பிரிக்காவா' என்று கேட்டால் எனக்குப் பதில் வராது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இரண்டு சட்டையும் காயும். ஸ்டெய்ன் ஓடிவரத் தொடங்கினால் இரண்டு சட்டைக்காரர்களும் பேச்சை நிறுத்துவார்கள்.

2015 உலகக் கோப்பையில் நியூசிலாந்தோடு ஆடிய ஆக்லாந்து அரையிறுதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து மத்தியானம் வரை பார்த்தோம். அவர்களுக்கு 2 பந்தில் 5 ரன் வேண்டும், ஸ்டெய்ன் பந்தில் கிராண்ட் எலியட் சிக்ஸர் அடித்தார். தரையில் கிடந்த ஸ்டெய்னுக்கு எலியட்டே கை நீட்டினார். மாமா அன்று நோட்டில் அந்தக் கடைசி ஓவரை முடிக்கவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

அதற்கப்புறம் உடம்புதான் அவரைப் படுத்தியது. 2016இல் பெர்த்தில், ஆஸ்திரேலியாவின் வார்னரை எடுத்த சிறிது நேரத்தில் தோள் எலும்பு உடைந்தது. வார்னரும் 97தான், விஜய் மாதிரியே. அப்போது 417 விக்கெட். தென்னாப்பிரிக்கச் சாதனையான ஷான் பொல்லாக்கின் 421ஐத் தாண்ட இன்னும் 5. அந்த ஐந்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் 2018 ஜனவரியில் கேப் டவுனில் இந்தியாவோடு திரும்பி வந்து, அதே ஆட்டத்தில் குதிகால் போனது. கடைசியில் 2018 டிசம்பர் 26, செஞ்சூரியன், பாகிஸ்தானின் ஃபகார் ஸமான். மாமா அத்தையைக் கூப்பிட்டு, "பேனா, பேனா" என்று கத்தினார். மடியிலேயே இருந்தது.

2019 பிப்ரவரி 16, சனிக்கிழமை, இலங்கையோடு நடந்த டெஸ்டின் கடைசி நாள். என் மகனையும் கூட்டிக்கொண்டு கிங்ஸ்மீட் போனோம். கூட்டம் அதிகமில்லை. இலங்கைக்கு 304 இலக்கு, 9 விக்கெட் போன பிறகும் 78 ரன் வேண்டும். குசல் பெரேரா ஒருத்தராகவே அடித்து முடித்தார், 153. ஸ்டெய்னையும் சிக்ஸருக்குத் தூக்கினார். ஓவருக்கு ஓவர் ஸ்டெய்ன் இடுப்பில் கை வைத்துத் திரும்பி நடந்து போவதை மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். பந்தில் தப்பில்லை, பழைய வேகம் அவ்வளவாக இல்லை, அவ்வளவுதான். கார் நிறுத்திய இடத்துக்கு வரும்போது, "அடுத்த வருஷம் வருவான், பாக்கலாம்" என்றார். அதுதான் ஸ்டெய்ன் எங்கள் ஊரில் ஆடிய கடைசி டெஸ்ட். அந்த ஆகஸ்டில் டெஸ்டை விட்டார். அது ஆடி மாதம், மாரியம்மன் கோவில் கூழ்ப் பானைகளைப் பெண்கள் சேர்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அங்கேயும் இரண்டு நிமிஷம் கை நின்றது.

சரி, 2021க்கு வருகிறேன். அன்று மாலை எல்லார் போனிலும் பழைய வீடியோக்கள். முதல் டெஸ்டில் மைக்கேல் வானின் ஸ்டம்பை எடுத்த பந்து, 2011இல் கேப் டவுனில் டெண்டுல்கர் 146 அடித்தபோது இருவரும் மோதியது, ஆக்லாந்து. மூன்று வகை ஆட்டமும் சேர்த்து 699 விக்கெட், இன்னும் ஒன்று எடுத்திருந்தால் 700 என்று ஒரே புலம்பல். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. டெஸ்டில் 93 ஆட்டம், 439 விக்கெட், சராசரியாக 42 பந்துக்கு ஒன்று. வக்கார் யூனிஸுக்கு 43, மால்கம் மார்ஷலுக்கே 46க்கு மேல். மட்டைக்காரர்களுக்காகவே ஆடுகளம் போட்ட காலத்தில் இது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாமா வீடியோ எதையும் பார்க்கவில்லை. நோட்டுகளில் சிவப்புக் குறிகளை எண்ணிக்கொண்டிருந்தார். 439 வரவில்லை, 312தான் வந்தது. மீதியெல்லாம் அவர் பகல் ஷிப்டில் இருந்தபோது விழுந்தவை. என் மகன், "தாத்தா, நெட்ல எல்லாம் இருக்கு, நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்றான். இரண்டு வாரம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் படிக்கப் படிக்க இவர் எழுதினார். அந்த 127ஐயும் பென்சிலில்தான் எழுதினார். "கண்ணால பாக்காதத எப்பிடிப்பா சிவப்புல எழுதறது?" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு ராத்திரி அப்பா வீடியோவில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சம்பந்தி, நாக்பூர் இருக்கா? விஜய் விட்டாரே, அது?" என்றார். மாமா தேடி எடுத்து, நோட்டை விரித்து போனுக்கு நேரே பிடித்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகம் திரை முழுக்க வரும்படி கிட்டே வந்து பார்த்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"வெளிய போன பந்து சம்பந்தி. எல்லாம் வெளிய போனது."

"அதான் பாவம், இதையும் விட்டுட்டான்" என்றார் அப்பா. பிறகு, "பத்ரியோடதையும் காட்டுங்க."