இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கையில் இருந்தால் போதுமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2020-ல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 கார் ஒன்று குருகிராமில் விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டம் 41,000 கி.மீ. என்கிறார்கள். 27 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறேன். விற்பவர் "நான் இரண்டாவது ஓனர்" என்கிறார், ஆனால் ஆர்.சி. இன்னும் முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 தன்னிடம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "இன்ஜினை ரீமேப் செய்திருந்தேன், இப்போது பழையபடி மாற்றிவிட்டேன்" என்றும் சொன்னார் (ரீமேப் என்றால் கூடுதல் சக்திக்காக இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது). ஒரு லட்சம் டோக்கன் கேட்கிறார். எனக்கு நேரில் போக லீவு இல்லை. அங்கே உள்ள ஓர் இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனி 200 அம்சங்களைப் பார்த்து ரிப்போர்ட் தருகிறது. அந்த ரிப்போர்ட் இருந்தால், பின்னால் பிரச்சினை வந்தாலும் கோவையிலேயே கேஸ் போட முடியுமா?

பதில்: ரிப்போர்ட் உங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறீர்கள். சில இடங்களில் அதே ரிப்போர்ட் உங்கள் உரிமையைக் குறைத்துவிடும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது. பிரிவு 16 இதற்குச் சில விலக்குகள் தருகிறது. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே உள்ள நிபந்தனை. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. தன் சொந்த வண்டியை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்புகூட ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

"சோதித்தது கம்பெனிக்காரர்தானே, நான் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 229-ஐப் பாருங்கள். உங்கள் வேலையாகப் போன ஏஜென்ட்டுக்கு அந்த வேலையின் போது தெரிய வந்தது, உங்களுக்கே தெரிந்ததாகத்தான் கணக்கு. கீழே எண்ணெய் கசிவதை அந்தப் பையன் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் டிக் அடிக்காமல் விட்டாலும், விற்பவரைப் பொறுத்தவரை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கம்பெனி மீது சேவைக் குறைபாடு என்று நீங்கள் போகலாம், அது தனி. அங்கேயும் "எங்கள் பொறுப்பு நீங்கள் கட்டிய கட்டணத்துக்கு மேல் போகாது" என்ற வாசகம் ரசீதின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

அதனால் இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் செய்யுங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறையை அது பார்த்துக்கொள்ளட்டும். தெரியாத குறைக்கு விற்பவர் வாயாலேயே பதில் வாங்கி வையுங்கள், அதுவும் எழுத்தில். கோர்ட்டில் உங்களுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-ல் ஒரு குதிரை வியாபாரம் உதாரணமாக வருகிறது. குதிரைக்கு நோய் என்று விற்பவனுக்குத் தெரியும், வாய் திறக்காமல் ஏலத்தில் விற்கிறான். இது மோசடி இல்லை என்கிறது சட்டம். அதே குதிரையை வாங்க வந்தவன், "நீ மறுக்காவிட்டால் குதிரைக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, அதற்கும் இவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். 1872-ல் குதிரைக்கு எழுதியது, 245 குதிரைத்திறன் வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிரிவு 19-ல் இன்னொரு நுணுக்கம் உண்டு. விற்பவர் தெரியாமல் தவறான தகவல் தந்திருந்தாலோ, மௌனமாக மறைத்திருந்தாலோ, "சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்று அவர் வாதாடலாம். வாதம் எடுபட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் பொய் என்று தெரிந்தே ஒரு பதிலைச் சொல்லியிருந்தால் இந்த வாதம் அவருக்கு உதவாது. ஆகவே கேள்வி கேட்காமல் வாங்கினால் மௌனத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருக்கும், எழுதிக் கேட்டு வாங்கினால் பொய்யைக் காட்டினால் போதும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

சரி, என்ன கேட்பது? உங்கள் கடிதத்திலேயே தொடக்கம் இருக்கிறது. ரீமேப் எங்கே, எப்போது, எத்தனை கி.மீ. ஓட்டத்தில் செய்தது, பழையபடி மாற்றியது எப்போது என்று கேளுங்கள். டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாற்றியிருந்தால் ஒரிஜினல் டவுன்பைப்பும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வண்டியில் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா? ரேஸ் டிராக்கில் ஓட்டியதுண்டா? இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ எதையாவது பிரித்தார்களா? விபத்து, வெள்ளம், இன்சூரன்ஸ் கிளெய்ம் உண்டா? ஓடோமீட்டர் அல்லது மீட்டர் கிளஸ்டர் மாற்றப்பட்டதா? கடைசியில் இந்த வரியைச் சேருங்கள்: "மேலே உள்ளவற்றில் நீங்கள் மறுத்தது, சொல்லாமல் விட்டது இரண்டையும் நம்பித்தான் இந்தக் காரை வாங்குகிறேன்." வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், ஆனால் ஈமெயிலும் செய்துவிடுங்கள். புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனியின் 200 அம்சங்களில் பாதி, வைப்பர் ஓடுகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்பது. இந்த வண்டிக்கு அது போதாது. நீங்களே நாலு வேலை எழுதிக் கொடுங்கள்.

அவர்கள் வரும் வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. பானெட்டில் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது என்று வீடியோ எடுத்த பிறகுதான் சாவி. வண்டியின் கம்ப்யூட்டர்களான கன்ட்ரோல் யூனிட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஃபால்ட் கோட் (கோளாறுக் குறியீடு) ஒன்றுமே இல்லை என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அன்று காலையில் யாராவது அழித்திருக்கலாம். அழித்திருந்தால், எமிஷன் சம்பந்தப்பட்ட சுயசோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டும். சில யூனிட்டுகளில் பழைய கோளாறு எத்தனை கி.மீ.-யில் வந்தது என்ற பதிவும் இருக்கும். மீட்டரில் 41,000, உள்ளே 63,000-ல் ஒரு கோளாறு என்று வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ரீமேப்பைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு வழி இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மாற்றப்பட்ட சாஃப்ட்வேரோடு வண்டி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் ஆன்லைன் சிஸ்டத்தில் இணைந்தால், 'டிடி1' என்ற குறியீடு விழும். பின்னால் பழையபடி மாற்றினாலும் கம்பெனிப் பதிவில் அது நிற்கும். ஸ்கோடா சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணை வைத்து இதையும், சர்வீஸ் வரலாற்றையும் எடுத்துத் தரச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். குறியீடு இல்லை என்பதால் ரீமேப் நடக்கவில்லை என்று ஆகிவிடாது, ஆன்லைனில் இணைக்காமலே ஓட்டியிருக்கலாம். அப்புறம் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்க வேண்டும், பெயின்ட் கனத்தை ஒவ்வொரு பேனலிலும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் கூலன்ட் கசிவு இந்த இன்ஜினுக்குத் தெரிந்த வியாதி.

இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் வாங்குங்கள். நோ கிளெய்ம் போனஸ் என்பது வண்டிக்கு உரியது இல்லை, ஆளுக்கு உரியது. உங்கள் விஷயத்தில் ஆர்.சி. முதல் உரிமையாளர் பெயரிலேயே இருப்பதால், ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓடியிருந்தால் பாலிசியில் 50% இருக்க வேண்டும். பூஜ்யம் என்று இருந்தால் சமீபத்தில் கிளெய்ம் போயிருக்கலாம், அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எது என்று கேளுங்கள்.

மாற்றம் செய்த வண்டி என்பதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்திச் சொன்னது. பிரிவு 182ஏ-யின்படி தண்டனை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் ரீமேப்பை ரோட்டில் யாரும் பிடிப்பதில்லை. ஆனால் கன்வெர்ட்டர் கழற்றிய எக்ஸாஸ்டின் சத்தம் தெருமுனையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, சொல்லாமல் மறைத்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுப்பதுதான் பெரிய நஷ்டம்.

இப்போது, எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற விஷயம். உங்கள் 'இரண்டாவது ஓனர்' காகிதத்தில் ஓனரே இல்லை. வேறு மாநிலத்துக்குப் போகாத வண்டி கைமாறினால் விற்பவர் 14 நாளிலும், வாங்குபவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 50. இவர் அதைச் செய்யவில்லை. உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை வராது என்பது பொது விதி. முதல் உரிமையாளர் "எனக்கு முழுப் பணம் வரவில்லை" என்று புகார் கொடுத்தால், 27 லட்சம் கொடுத்த நீங்கள் ஸ்டேஷனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை நம்ப வேண்டாம். அரசின் பரிவாஹன் தளத்தில் உரிமை மாற்றத்துக்கான ஓ.டி.பி. முதல் உரிமையாளரின் போனுக்குத்தான் போகும்.

முதல் உரிமையாளரை வீடியோ காலில் பாருங்கள், ஆர்.சி.யில் உள்ள பெயரோடு அடையாள அட்டையை ஒப்பிடுங்கள், விற்பனை ஒப்பந்தத்தில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பணம் அவர் கணக்குக்குப் போகட்டும், அல்லது இவர் கணக்குக்குக் கொடுக்கலாம் என்று அவர் எழுதித் தரட்டும். ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டி மீது கடன் இருப்பதற்கான பதிவு) இருந்தால், கடன் அடைந்துவிட்டது என்ற வார்த்தை போதாது, படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் கொடுத்து அதை நீக்கிய ஆர்.சி. வேண்டும்.

ஒருவேளை இவர் இப்படி வண்டி வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால், அது உங்களுக்கு ஒருவகையில் நல்லது. அவருடைய பழைய விளம்பரங்களைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. வியாபாரி என்று காட்ட முடிந்தால் முன்னே சொன்ன பிரிவு 16 பாதுகாப்பும், நுகர்வோர் சட்டமும் உங்களுக்குக் கிடைக்கும்.

அதில்தான் உங்கள் கோவைக் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், இரண்டு வருடத்துக்குள். இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனி மீதும், வியாபாரி மீதும் இது செல்லும். உண்மையான தனிநபர் விற்பனையாளர் மீது செல்லாது. அவர் மீது சிவில் வழக்குதான், அது அவர் இருக்கும் ஊரில், அல்லது வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதியாவது எழுந்த ஊரில். காரை கோவையில் ஒப்படைக்க வேண்டும், ஏற்றுக்கொள்வதும் கோவையில் என்று எழுதிக்கொண்டால் இங்கே வழக்குப் போட இடம் கிடைக்கும். சும்மா "கோவை கோர்ட்டுக்கே அதிகாரம்" என்று மட்டும் எழுதினால் நிற்காது.

கோவையில் ஒப்படைக்க வேண்டும் என்ற வரி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். வேறு மாதிரி எழுதாவிட்டால், லாரிக்காரரிடம் கொடுத்ததே உங்களிடம் கொடுத்ததற்குச் சமம் என்று சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 39 எடுத்துக்கொள்ளும். வழியில் கீறல் விழுந்தால் உங்கள் தலையில். ஏற்றும்போது மீட்டர் தெரிய வீடியோ, டிரான்ஸிட் இன்சூரன்ஸ், இறக்கிய உடனே உங்கள் மெக்கானிக்கின் சோதனை. ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாக வண்டியைத் திருப்பித் தர முடியாது, நஷ்டஈடுதான் கேட்கலாம். அதனால் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு நோட்டீஸ் விடலாம் என்று இருக்காதீர்கள். செலவை மிச்சம் பிடிக்க யாரையாவது அனுப்பி ஓட்டிவரவும் வேண்டாம். பாலிசி இன்னொருவர் பெயரில் இருக்கும்போது வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு உங்களுக்கு ஒரு பைசா கிடைப்பது கஷ்டம்.

டோக்கன் கொடுங்கள், ஆனால் ஒரு வரி எழுதி வாங்கிய பிறகு: "இன்ஸ்பெக்‌ஷனிலோ ஆவணங்களிலோ வாங்குபவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் மூன்று நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்." ஒரு லட்சத்துக்குப் பதில் பத்தாயிரம் கொடுத்தாலும் வண்டியைப் பிடித்து வைக்கப் போதும்.

கடைசியாக, குருகிராம் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று. படிவம் 28-ல் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். பாக்கி சலான் இருந்தால் கிடைக்காது. தமிழ்நாட்டில் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், வண்டியின் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கு. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கே இங்கே 20%, பழையதற்கு அதிலிருந்து குறையும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அதையும் 27 லட்சத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியை என்.ஓ.சி. கைக்கு வரும் வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.