திங்கட்கிழமை செங்கோட்டையா?

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து நாங்கள் ஐந்து பேர் பிப்ரவரியில் முதன்முறையாக டெல்லி போகிறோம். நான், மனைவி, மகள், 71 வயது அம்மா, கனடா குடிமகனான தம்பி (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறான்). தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை காலை இறங்கி, செவ்வாய் இரவு அதே ரயிலில் திரும்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. யாருக்கும் இந்தி தெரியாது. ஆக்ரா, மதுராவும் சேர்த்து ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் தருகிறார். அவர் கொடுத்த தாளை இணைத்திருக்கிறேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். தாளில் மூன்றாம் நாளைப் பாருங்கள். "திங்கள்: செங்கோட்டை (வெளியிலிருந்து), அக்ஷர்தாம் (வெளியிலிருந்து), தேசிய அருங்காட்சியகம், ஷாப்பிங்." திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை. அக்ஷர்தாம் கோயில் விடுமுறை, தேசிய அருங்காட்சியகம் விடுமுறை, தாமரைக் கோயிலும் விடுமுறைதான். இது அந்த ஏஜென்டுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்ததால்தான் அடைப்புக்குறிக்குள் "வெளியிலிருந்து" என்று எழுதியிருக்கிறார். சாலையின் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, "அதோ செங்கோட்டை, போட்டோ எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க உங்களைக் கடைகளில் இறக்கிவிடுவார்கள். அந்தத் தாளில் உண்மையான வார்த்தை கடைசியில் இருக்கும் "ஷாப்பிங்" ஒன்றுதான்.

ஒரே ஊர், ஒரே தொல்லியல் துறை. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை, குதுப்மினாருக்கு எந்த நாளும் விடுமுறை இல்லை, ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. முதல்முறை வருகிறவர் இதையெல்லாம் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? ரயில்வே ஸ்டேஷனில் பெரிதாக ஒரு பலகை வைத்தால் போதும், பாதி ஏஜென்டுகளுக்குப் பிழைப்பு போய்விடும். வைக்க மாட்டார்கள்.

உங்கள் தேதிகள் உண்மையில் நல்ல தேதிகள். திங்கட்கிழமையை அப்படியே ஆக்ராவுக்குத் தள்ளிவிடுங்கள். டெல்லி பூட்டிக் கிடக்கும் நாளில் தாஜ் திறந்திருக்கும். ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஏறக்குறைய நூறு நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட். மாலையில் அதே ரயிலில் திரும்பலாம். வெள்ளி மட்டும் அது ஓடாது. புது டெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன் மூன்றும் வெவ்வேறு ஸ்டேஷன்கள். டிக்கெட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று இரண்டு தடவை படியுங்கள்.

மதுராவை விட்டுவிடுங்கள். கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். காரில் மதுரா பார்த்துவிட்டு ஆக்ரா போனால் தாஜ் வாசலுக்குப் போகும்போது மாலை ஆகிவிடும், சூரியன் சாய்ந்தால் உள்ளே விட மாட்டார்கள். தாஜ் டிக்கெட் இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை இருக்கும் மேடைக்கு ஏறத் தனியாக 200. நுழைந்ததிலிருந்து மூன்று மணி நேரம்தான் செல்லும். வெளியே வந்ததும், "தாஜ் கட்டிய சிற்பிகளின் வாரிசுகள் நடத்தும் பட்டறை" என்று யாராவது அழைத்தால் நிற்காமல் நடங்கள். சலவைக்கல் என்ற பெயரில் மாக்கல் விற்பார்கள். அழைத்துவந்தவனின் கமிஷனும் உங்கள் பில்லில்தான் சேரும்.

சனிக்கிழமை காலை புது டெல்லி ஸ்டேஷனில்தான் உங்களுக்கு முதல் பரீட்சை. பஹார்கஞ்ச் பக்கம் வெளியே வந்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வருவார். "வணக்கம் அண்ணா" என்று தமிழிலேயே சொல்லுவார். நீங்கள் தங்கப்போகும் லாட்ஜின் பெயரைக் கேட்டு, அங்கே தீ விபத்து, அல்லது சாலையில் கலவரம், அல்லது உங்கள் புக்கிங் ரத்து என்பார். நம்பாவிட்டால் "நீங்களே பேசிப் பாருங்கள்" என்று தன் போனிலிருந்து டயல் செய்து தருவார். மறுமுனையில் இருப்பதும் அவர் ஆள்தான். கடைசியில் கன்னாட் பிளேஸில் "சுற்றுலா அலுவலகம்" என்று போர்டு மாட்டிய ஒரு கடையில் உட்கார வைத்து, இதே மாதிரி ஒரு தாளை நீட்டுவார்கள். லாட்ஜ் எண்ணை ஊரிலேயே எழுதிவைத்துக்கொண்டு உங்கள் போனிலிருந்து மட்டும் பேசுங்கள். மெட்ரோவுக்கு ஸ்டேஷனின் மறுபக்கம், அஜ்மேரி கேட் வழியாக வெளியே வாருங்கள்.

ஆட்டோவுக்கு ப்ரீபெய்டு பூத்தில் சீட்டு வாங்கினால், இறங்கும் இடம் வரும்வரை சீட்டு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். அதைக் கொடுத்தால்தான் டிரைவருக்குப் பணம். பாதி வழியில் "சீட்டு கொடு, பார்த்துட்டுத் தரேன்" என்பார். கொடுத்துவிட்டால் அங்கேயே இறங்க வேண்டியதுதான். இந்தி தெரியாதது ஒரு குறையே இல்லை. மெட்ரோவில் அறிவிப்பு ஆங்கிலத்திலும் வரும், முதல் பெட்டி பெண்களுக்கு.

தம்பியின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் ஏமாறாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. குதுப்மினாரில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஏஜென்ட் உங்கள் தம்பிக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான் போட்டிருக்கிறார். தேவையே இல்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு நினைவுச்சின்னங்கள், அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்களில் இந்தியர் கட்டணமே என்று மத்திய அரசின் 2021 அறிவிக்கையில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அட்டை அசலாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கூடவே. ஜெராக்ஸை நீட்டினால் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்ததுமே "ஃபாரினர்" என்று தட்டுவார். அட்டையை முதலில் கொடுங்கள், பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுங்கள். ஒரு கவுன்டரில் என் மைத்துனருக்காக இருபது நிமிடம் வாதாடியிருக்கிறேன். அறிவிக்கையின் பிரதியைக் காட்டிய பிறகுதான் டிக்கெட் வந்தது. அரசு போட்ட உத்தரவை அரசு ஊழியருக்கு நாம் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது! இந்தச் சலுகை அட்டைக்குத்தான், தமிழ் முகத்துக்கு இல்லை. தம்பி மனைவி வெறும் விசாவில் வந்தால் அவருக்கு 600தான். தம்பி இந்திய பாஸ்போர்ட்டை மாற்றாமலே இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மற்ற மூன்று நாட்களுக்கு அம்மாவின் முழங்கால்தான் அளவுகோல். சனி மாலை இந்தியா கேட், பக்கத்திலேயே 2019-இல் திறந்த போர் நினைவுச்சின்னம். சமதளம், அவசரம் இல்லை. ஞாயிறு காலை செங்கோட்டை, மெட்ரோ ஸ்டேஷன் பெயரே லால் கிலா (செங்கோட்டையின் இந்திப் பெயர்). லாகோரி வாசலிலிருந்து கூரை போட்ட கடைத்தெரு வழியாக அரண்மனை மண்டபங்கள் வரை நீண்ட நடை. ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்தது, முழுவதையும் ஒரே நாளில் அம்மா பார்க்க வேண்டியதில்லை. வாசலில் சக்கர நாற்காலி கேளுங்கள். ஜும்மா மசூதிக்கு எந்த வாசலிலும் முப்பதுக்கு மேல் படிகள், அம்மாவுக்கு வேண்டாம்.

செவ்வாய் காலை குதுப்மினார். சமதளம், உட்கார இடம் உண்டு. 72.5 மீட்டர் கோபுரத்தின் மேலே ஏற முடியாது, 1981 விபத்துக்குப் பிறகு படிகளை மூடிவிட்டார்கள். "மேலே கூட்டிப்போகிறேன்" என்று கைடு யாராவது சொன்னால் அவரை விட்டு விலகுங்கள். வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கும், தூணைக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்ற பழைய கதையெல்லாம் இப்போது கிடையாது. அங்கிருந்து ஆர்.கே.புரம் மலை மந்திர் தூரமில்லை. சுவாமிநாதரைப் பார்க்க அங்கேயும் படிகள்தான், அதையும் அம்மாவே முடிவு செய்யட்டும்.

ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்று வீட்டில் சொன்னால், ஜன்பத் காட்டேஜ் எம்போரியம், அல்லது பாபா கரக் சிங் சாலையில் மாநில அரசுகளின் கடைகள். நம் பூம்புகாரும் அங்கே இருக்கிறது. ஆட்டோக்காரர் "கவர்மென்ட் எம்போரியம்" என்று சொல்லி வேறெங்காவது திரும்பினால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். செவ்வாய் இரவு ரயில் என்பதால் மாலையில் கன்னாட் பிளேஸ் பக்கம் நேரம் கழிக்க வேண்டாம், ஏழு மணிக்கே ஸ்டேஷனில் இருங்கள்.