மீன்பிடிப் படகுக்கு விவசாய மானியமா?

கேள்வி: அமெரிக்காவில் விவசாய உதவித்தொகை வாங்கியவர்கள் பட்டியலில் மீன்பிடி நிறுவனங்களின் பெயர்களும் இருக்கின்றன. கடலில் வலை வீசுபவருக்கு எதற்கு விவசாயப் பணம்? இதில் ஏதாவது முறைகேடு நடந்திருக்கிறதா?

பதில்: முறைகேடு இல்லை, சட்டப்படி கொடுத்ததுதான். அங்கே கடல் மீன்வளத்தைக் கவனிப்பது வணிகத் துறை. ஆனால் இறக்குமதியாலோ வர்த்தகச் சண்டையாலோ விலை சரிந்தால் கைகொடுக்கும் திட்டங்களை நடத்திப் பழகியது விவசாயத் துறை. 2002 வர்த்தகச் சட்டத்தில் விவசாயிகளுக்காக வந்த நிவாரணத் திட்டத்தில் மீனவர்களும் இடம் பிடித்தார்கள். வெளிநாட்டுப் பண்ணை இறால் குவிந்ததில் நொடித்துப்போன மெக்சிகோ வளைகுடா இறால் படகுக்காரர்கள், பண்ணை சால்மனிடம் விலையில் தோற்ற அலாஸ்கா மீனவர்கள் எல்லாம் அதில் வாங்கினார்கள். அப்போது ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர்தான் உச்சவரம்பு.

பெரிய பணம் வந்தது 2020இல். அமெரிக்கா வரி போட்டதற்குப் பதிலடியாக 2018இல் சீனா அமெரிக்கக் கடலுணவுக்கும் கூடுதல் வரி போட்டது, சிங்கி இறால் (லாப்ஸ்டர்) ஏற்றுமதி பலமாக அடிவாங்கியது. விவசாயத் துறையிடம் 1933இலிருந்து சரக்குக் கடன் கழகம் என்று ஒன்று இருக்கிறது, அது கருவூலத்திடம் 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்கிச் செலவழிக்கலாம், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே வர்த்தகச் சண்டையில் அடிபட்ட சோயா விவசாயிகளுக்குக் கொடுத்த அதே கழகத்திலிருந்துதான் மீனவர்களுக்கும் சுமார் 53 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

கேள்வி: சரி, அது சின்ன மீனவருக்குப் போய்ச் சேர்ந்ததா?

பதில்: சேர்ந்தது, ஆனால் பிடித்த எடைக்கு ஏற்றபடி. 2019இல் எவ்வளவு பிடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. சிங்கி இறாலுக்குப் பவுண்டுக்கு 50 சென்ட், சால்மனுக்கு 16 சென்ட். 20,000 பவுண்டு சிங்கி இறால் பிடித்தவருக்கு 10,000 டாலர். அதைப்போல பத்து மடங்கு பிடித்தவருக்கு ஒரு லட்சம். ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் என்று வரம்பு வைத்தது நல்லது, என்றாலும் அது ரொம்பவே தாராளமான வரம்பு.

எனக்கு உறுத்துவது வேறு. விண்ணப்பிக்க மீன்பிடி உரிமம் வேண்டும், பிடித்ததைக் கரையில் முறையாக விற்ற கணக்கும் வேண்டும். அப்படியென்றால் அதே படகில் விடியுமுன் ஏறி, சிங்கி இறால் பிடிக்கும் கூண்டு இழுத்து, பிடிபட்டதில் பங்கு வாங்கிப் பிழைக்கும் ஆள்? விலை விழுந்தால் அவர் பங்கும் விழுகிறது, நிவாரணத்தில் மட்டும் அவர் பெயர் இல்லை. படகு உரிமையாளர் தாமாகப் பார்த்து ஏதாவது கொடுத்தால் உண்டு. இது நியாயமே இல்லை. கூலிக்கும் பங்குக்கும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பகுதி போய்ச் சேர வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: இப்படிக் கொடுப்பதால் கடலில் மீன் அழியாதா?

பதில்: இந்தப் பணம் ஏற்கெனவே பிடித்த மீனுக்குக் கொடுத்தது, இனி கூடுதலாகப் பிடிக்கத் தூண்டுவது குறைவு. டீசலுக்கும் புதுப் படகுக்கும் கொடுக்கும் மானியம்தான் உண்மையான ஆபத்து. உலக வர்த்தக அமைப்பில் 2022இல் ஏற்ற ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, திருட்டு மீன்பிடிப்புக்கும் ஏற்கெனவே வற்றிப்போன மீனினங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கொடுக்க அது தடை போடுகிறது. அளவுக்கு மீறிப் படகுகளைப் பெருக்கும் மானியங்களை அது இன்னும் தொடவில்லை.